ஒரே சபையிலிருந்து மூன்று பாட்டுப் புத்தகங்கள்: பாப்டிஸ்டுகள் பாட ஆரம்பித்த கதை

பாட்டுப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

பக்கத்து இழையில் ஒரு பிரதர், "பாப்டிஸ்ட் சபை என்றாலே ஆதியிலிருந்து கையில் பாட்டுப் புத்தகம்தான், பாட்டு வரிகளைக் காட்டும் இந்தத் திரை வந்துதான் எல்லாம் கெட்டது" என்று எழுதியிருந்தார். திரையைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன். ஆனால் முதல் பாதி சரியில்லை. இங்கிலாந்தில் பாப்டிஸ்டுகள் (விசுவாசித்தவர்களுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுப்பவர்கள்) தோன்றி முதல் இரண்டு தலைமுறைகளில் பெரும்பாலான சபைகள் கூட்டாகப் பாடவே இல்லை, நிறையப் பேர் பாடக் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் சபையைத் தொடங்கிய ஜான் ஸ்மித், அதற்கு முந்தைய வருடமே, சங்கீதம் பாடும்போது கண் முன்னால் புத்தகம் இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். ஆவியானவர் உள்ளே தருவதைத்தான் வாய் பேச வேண்டும், ஏட்டைப் பார்த்து வாசிப்பது ஆராதனை ஆகாது என்பது அவர் கட்சி.

இதை மாற்றியவர் பெஞ்சமின் கீச். 1640-ல் பிறந்தவர், தென் லண்டனில் சதக் பக்கம் ஹார்ஸ்லிடவுன் சபையின் போதகர். 1664-ல் பிள்ளைகளுக்கு ஒரு பாடப் புத்தகம் எழுதி, அதில் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்ததற்காகக் கைதானார். கழுத்தையும் கையையும் மரப்பலகைக்குள் பூட்டி ஊர் நடுவில் நிறுத்தினார்கள், புத்தகத்தை அவர் கண் முன்னாலேயே கொளுத்தினார்கள். அப்படிப்பட்ட மனிதர் பாட்டு விஷயத்தில் மட்டும் எவ்வளவு பொறுமையாகப் போனார் என்று பாருங்கள். 1670-களில் திருவிருந்து முடிந்ததும் ஒரே ஒரு பாட்டு, அவ்வளவுதான். "அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப் போனார்கள்" என்று மத்தேயு 26:30 சொல்கிறதே, அதுதான் ஆதாரம். சில வருடம் கழித்து நன்றியறிதல் நாட்களிலும் பாடினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பாடலாம் என்று சபை ஒப்புக்கொண்டது 1691-ல்தான். அப்போதும் கடைசி ஜெபத்துக்குப் பிறகுதான் பாட்டு, மனசாட்சி இடம் கொடுக்காதவர்கள் அதற்கு முன் எழுந்து போய்விடலாம். ஒரு பாட்டுக்காக ஏறக்குறைய இருபது வருடம் காத்திருந்திருக்கிறார்.

அதே 1691-ல் கூட்டுப் பாட்டுக்கு ஆதரவாக ஒரு வாதப் புத்தகமும், கிட்டத்தட்ட 300 பாட்டுகள் அடங்கிய ஒரு தொகுப்பும் வெளியிட்டார். கவிதையாகப் பார்த்தால் அந்தப் பாட்டுகள் சுமார்தான். ஆனால் இதைக் கவனியுங்கள்: இதே சபை இடம் மாறி, பெயர் மாறி, 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ரிப்பன் கையில் வந்தபோது 1787-ல் இன்னொரு பாட்டுப் புத்தகம் பிறந்தது. புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் கைக்கு வந்தபோது 1866-ல் மூன்றாவது. ஒரே சபையின் பரம்பரையில் 175 வருடத்தில் மூன்று புத்தகங்கள். ஒவ்வொன்றும் ஒரு சண்டைக்கோ ஒரு தேவைக்கோ கொடுத்த பதில். நம் கையிலிருக்கும் பாட்டுப் புத்தகத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கடைசிவரிசை

நல்ல இழை. ஒரு சந்தேகம் பிரதர். வேதத்தின் நடுவிலேயே 150 சங்கீதம் இருக்கிறது. பவுல் "ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்கிறார். வேதத்தை அவ்வளவு கறாராகப் பிடித்துக்கொண்டவர்கள் எப்படிப் பாடக் கூடாது என்றார்கள்?

பாட்டுப்பெட்டி

அவர்கள் பாட்டை மொத்தமாக மறுக்கவில்லை ஐயா. ஆவியானவர் ஏவினால் ஒருவர் எழுந்து தனியாகப் பாடலாம், மற்றவர்கள் கேட்கலாம் என்று சிலர் ஒத்துக்கொண்டார்கள். மனிதன் முன்கூட்டி எழுதி வைத்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் பாடுவதுதான் பிரச்சினை.

கீச்சை எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஐசக் மார்லோ. 1690-ல் ஒரு சிறு புத்தகம் போட்டார். எழுதி வைத்த ஜெபப் புத்தகம் வேண்டாம் என்றுதானே நாம் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு வெளியே வந்தோம், அப்படியிருக்க எழுதி வைத்த பாட்டு மட்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டார். இந்தக் கேள்வியின் பலத்தை நாம் குறைத்து எடைபோடக் கூடாது. அடுத்து, கூட்டத்தில் மறுபடியும் பிறந்தவனும் இருப்பான், பிறக்காதவனும் இருப்பான், இரண்டு பேரும் ஒரே வாயாக "என் இரட்சகரே" என்று பாடினால் அதில் பாதி பொய்யாகிவிடுமே என்றார். அப்புறம் பெண்கள். "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்று கொரிந்தியரில் இருக்கும்போது பாடுவது மட்டும் எப்படி?

கடைசிக் கேள்விக்குக் கீச் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. சபையில் சேரும்போது ஒரு பெண் தான் மனந்திரும்பிய சாட்சியை எல்லார் முன்பும் வாயால் சொல்கிறாள், அதை நாம் தடுப்பதில்லையே என்றார். கூட்டுப் பாட்டு வந்தபோது பெண்களுடைய குரலும் சேர்ந்தே ஆராதனைக்குள் வந்தது. பாட்டுச் சண்டையின் இந்தப் பக்கத்தை அதிகம் பேர் பேசுவதில்லை.

பழையகாகிதம்

இதோடு காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1664-லிருந்து, இங்கிலாந்துத் திருச்சபை முறைக்கு வெளியே, ஒரு வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி ஆராதித்தால் தண்டனை. ஒளிந்து கூடுகிறவர்கள் உரக்கப் பாடினால் தெருவே காட்டிக்கொடுத்துவிடும். 1689-ல் சகிப்புச் சட்டம் வந்தபிறகுதான் கதவைத் திறந்து வைத்துக் கூட முடிந்தது. பாட்டுச் சண்டை சரியாக அதற்கு அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் வெடித்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று. கீச் கால்வினியப் பக்கத்து பாப்டிஸ்ட், அதாவது தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே கிறிஸ்து மரித்தார் என்பவர். எல்லாருக்காகவும் மரித்தார் என்ற ஜெனரல் பாப்டிஸ்டுகள் என்று இன்னொரு பிரிவு இருந்ததே, அவர்கள் அதே 1689-ல் தங்கள் பொதுக்கூட்டத்தில், கூட்டாகப் பாடுவது சுவிசேஷ ஆராதனைக்கு அந்நியமானது என்றே தீர்மானித்துவிட்டார்கள். கீச் பக்கத்து சபைகளின் 1692 கூட்டம் இரண்டு தரப்பும் பயன்படுத்திய சுடுசொற்களைக் கண்டித்து, இந்தப் புத்தகச் சண்டையை நிறுத்துங்கள் என்றது. கீச் சபையிலிருந்து பிரிந்துபோனவர்கள் பக்கத்திலேயே மேஸ் பாண்ட் என்ற இடத்தில் பாடாத சபை ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தச் சபையில் பாட்டு கேட்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. அதுவும் 1739-ல் அழைக்கப்பட்ட போதகர், பாட்டுக்கு இடம் கொடுத்தால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டதால்.

ஆல்ட்டோவரிசை

கீச்சிலிருந்து நேராக ரிப்பனுக்குத் தாவிவிட்டீர்களே, நடுவில் ஒரு பெண்ணை விட்டுவிடாதீர்கள். ஆன் ஸ்டீல், 1717-லிருந்து 1778 வரை வாழ்ந்தவர். ஹாம்ப்ஷயரில் பிராட்டன் என்ற கிராமம், அப்பா மரவியாபாரி, அதோடு அந்த ஊர் பாப்டிஸ்ட் சபைக்குப் போதகர். 1760-ல் தியோடோசியா என்ற புனைபெயரில் கவிதைகளை வெளியிட்டார். 1769-ல் பிரிஸ்டலில் ஜான் ஆஷ், காலெப் எவன்ஸ் இருவரும் தொகுத்த பாட்டுப் புத்தகத்தில் 412 பாட்டுகள், அதில் 62 இவருடையவை! அதாவது ஏழில் ஒன்றுக்கு மேல். பெண் வாய் திறக்கலாமா என்று வாதாடிய சபைகளின் பேரப்பிள்ளைகள் ஒரு பெண்ணின் சொற்களை வாயில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் பாடினார்கள். நான் மேடையில் பாட்டு நடத்துகிற பெண், இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலமெல்லாம் நோயோடு இருந்தவர், துன்பத்தில் நின்று ஜெபிக்கிற குரல் அவர் பாட்டுகளில் அப்படியே இருக்கும்.

அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு ஒருவர் 1742-ல் கடிதம் எழுதினார். பெஞ்சமின் பெடோம், பௌர்டன் ஆன் தி வாட்டர் என்ற ஊரின் போதகர். ஸ்டீல் மறுத்துவிட்டார். அந்தப் பெடோமும் பெரிய பாட்டாசிரியர். வாரா வாரம் பிரசங்கத்தை எழுதிவிட்டு அதே பொருளில் ஒரு பாட்டும் எழுதுவார், பிரசங்கம் முடிந்ததும் சபை அதைப் பாடும். 800-க்கு மேல் எழுதினார். அச்சுப் புத்தகத்தில் இல்லாத பாட்டைச் சபை எப்படிப் பாடும் என்று கேட்பீர்கள். ஒருவர் வரியை வாசிப்பார், எல்லோரும் தெரிந்த ராகத்தில் அந்த வரியைப் பாடுவார்கள், மறுபடி அடுத்த வரி.

பாட்டுப்பெட்டி

மிக்க நன்றி சிஸ்டர், ஸ்டீலைச் சொன்னதற்கு. ரிப்பனுக்கு வருகிறேன். அன்றைக்கு எல்லாச் சபைகளிலும் ஐசக் வாட்ஸ் ராஜ்யம்தான். அவர் பாப்டிஸ்ட் இல்லை, காங்கிரிகேஷனல் சபைக்காரர், 1707-ல் அவர் போட்ட பாட்டுத் தொகுப்பைப் பாப்டிஸ்டுகளும் தங்களுடையது போலவே எடுத்துக்கொண்டார்கள். ரிப்பன் தன் 1787 புத்தகத்தை வாட்ஸுக்குப் பின்னிணைப்பாகத்தான் போட்டார், போட்டி போடவில்லை. வாட்ஸிடம் முழுக்கு ஞானஸ்நானத்துக்குப் போதிய பாட்டு கிடைக்குமா? அந்தக் குறைகளை இது நிரப்பியது. ஸ்டீல், பெடோம், சாமுவேல் ஸ்டென்னட் என்று பாப்டிஸ்ட் கவிஞர்கள் எல்லாம் இந்த வழியாகத்தான் அட்லாண்டிக் கடந்து போனார்கள். 'ஹவ் ஃபர்ம் எ ஃபவுண்டேஷன்' என்ற பாட்டு முதலில் அச்சேறியதும் இதில்தான், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கே' என்ற ஒரே எழுத்தும் ஒரு கோடும்.

பழையகாகிதம்

ரிப்பனைப் புகழ்வதற்கு முன்னால் அவர் கத்திரியையும் பேசுங்கள். எட்வர்ட் பெரொனெட்டின் 'ஆல் ஹெய்ல் தி பவர்' பாட்டை எடுத்து, வரிகளைத் திருத்தி, சரணங்களைத் தூக்கிவிட்டுத் தானே புதுச் சரணங்கள் சேர்த்தார். இன்று உலகம் பாடுவதில் ரிப்பன் கை நிறைய இருக்கிறது. எழுதியவருக்கு இது நியாயமா?

பாட்டுப்பெட்டி

நியாயம் என்றுதான் நான் சொல்வேன் ஐயா. கவிதைத் தொகுப்பில் ஒரு வரியைத் தொடுவது வேறு. பாட்டுப் புத்தகத்தின் வரியை ஒரு தையல்காரரும் ஒரு படகோட்டியும் சேர்ந்து மனதாரச் சொல்ல முடிய வேண்டும். பெரொனெட்டின் மூலத்தை விட ரிப்பனின் கடைசிச் சரணம் பாடும்போது கூட்டத்தை எழுப்புகிறது. ஆசிரியர் பெயரை மறைப்பதைத்தான் நான் தவறு என்பேன்.

வடக்குக்கரை

அமெரிக்கா பக்கம் கொஞ்சம் வருவோமா? கையில் புத்தகம், கண்ணில் புத்தகம் என்றே பேசிக்கொண்டு போகிறீர்கள். கென்டக்கியின் தென்கிழக்கு மலைப்பகுதியில் ஓல்ட் ரெகுலர் பாப்டிஸ்ட் சபைகள் இருக்கின்றன. இன்றைக்கும் வரி கொடுத்துப் பாடுகிறார்கள். பாட்டு நடத்துபவர் கையில் மட்டும் ஒரு சின்னப் புத்தகம், சொற்கள் மட்டும்தான், சுரக்குறிப்பு கிடையாது. அவர் ஒரு வரியை வேகமாக, ராகமாக இழுத்துச் சொல்வார். சொல்லி முடிக்கும் முன்பே கூட்டம் எடுத்துக்கொள்ளும். மிக மெதுவாக, வாத்தியம் இல்லாமல். எல்லாருக்கும் ஒரே ராகம்தான், ஆனால் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றுகிற இடத்தில் ஒரு வளைவு, ஒரு சுழிப்பு கொடுப்பார்கள், அதனால் ஒரே குரலாகவும் கேட்காது, தனித்தனிக் குரலாகவும் கேட்காது. 1997-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இதை ஒலித்தட்டாக வெளியிட்டது. நம் காதுக்குக் கமகம் பழக்கம், அதனால் நமக்கு அது அந்நியமாகவே தோன்றாது, கேட்டுப் பாருங்கள்.

என் வாதம் இதுதான்: படிக்கத் தெரியாதவர்களுக்காக 1640-களில் இங்கிலாந்தில் பரிந்துரைத்த ஏற்பாடு இது. எல்லாருக்கும் படிக்கத் தெரிந்த பிறகும் இந்த மக்கள் விடவில்லை. ஏன்? அதில் பாட்டு ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது. சபை பாட வேண்டும் என்றால் புத்தகம் அவசியம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

கடைசிவரிசை

கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளிலும் இதே வரி கொடுக்கும் முறை உண்டு இல்லையா? 'டாக்டர் வாட்ஸ்' என்று சொல்வார்களே.

வடக்குக்கரை

ஆமாம், அந்த முறையில் பாடுவது யார் எழுதிய பாட்டாக இருந்தாலும் 'டாக்டர் வாட்ஸ்' பாட்டு என்றே சொல்வார்கள். வயதான டீக்கன் (சபையின் உதவி ஊழியர்) ஒருவர் எழுந்து முதல் வரியைச் சொல்வார், பெஞ்சிலிருந்து பாட்டு கிளம்பும், சொற்கள் தீர்ந்த பிறகும் வாயை மூடியபடி முனகலாக ராகம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அடிமைத்தனத்தில் எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள், 116-ஆம் சங்கீதத்தை வாட்ஸின் சொற்களில் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

அதே மக்கள் புத்தகமும் போட்டார்கள். கறுப்பினச் சபைகளின் கூட்டமைப்பான நேஷனல் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1921-ல் 'காஸ்பல் பேர்ல்ஸ்' வெளியிட்டது, 1924-ல் 'பாப்டிஸ்ட் ஸ்டாண்டர்ட் ஹிம்னல்'. முதல் புத்தகத்தில் பழைய கீதங்களோடு சார்லஸ் டிண்ட்லி போன்றவர்களின் புதிய பாட்டுகளுக்கும் இடம் கொடுத்தார்கள். சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில் 1932-லிருந்து தாமஸ் டார்சி பாட்டுக் குழு நடத்தினார். ப்ளூஸ் பியானோக்காரராக இருந்தவர். அந்த வருடம் பிரசவத்தில் மனைவியும், உடனே குழந்தையும் இறந்தார்கள். 'பிரெஷஸ் லார்ட்' அந்தத் துக்கத்தில் வந்த பாட்டு. முதலில் பல சபைகள் ப்ளூஸ் கலந்த இந்த இசையை உள்ளே விடவில்லை, பிறகு புத்தகமே இல்லாமல் குழு வழியாக நாடு முழுக்கப் பரவியது.

ஆல்ட்டோவரிசை

வடிவச் சுரக்குறிப்பைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வில்லியம் வாக்கர், தென் கரோலினாவில் ஸ்பார்ட்டன்பர்க்கைச் சேர்ந்த பாப்டிஸ்ட், 1835-ல் 'சதர்ன் ஹார்மனி' போட்டார். சுரத்தின் தலையே ஒரு வடிவம்: ஃபா முக்கோணம், ஸோ வட்டம், லா சதுரம், மி வைரம். கோட்டில் எங்கே இருக்கிறது என்று எண்ண வேண்டாம், வடிவத்தைப் பார்த்தாலே போதும். முதலில் வெறும் சுரப் பெயர்களைப் பாடிவிட்டு அப்புறம்தான் சொற்கள். நாம் சுவரம் பாடிவிட்டுச் சாகித்தியத்துக்குப் போவோமே, அந்த ஒழுங்கு.

'அமேசிங் கிரேஸ்' சொற்களை ஜான் நியூட்டன் 1779-ல் வெளியிட்டார், அவர் ஆங்கிலிக்கன். இன்று நாம் பாடும் ராகத்தோடு அந்தச் சொற்கள் முதன்முதலில் அச்சில் சேர்ந்தது வாக்கரின் இந்தப் புத்தகத்தில்தான்.

கடைசிவரிசை

அப்படியானால் நடுவில் 56 வருடம் எந்த ராகத்தில் பாடினார்கள்?

ஆல்ட்டோவரிசை

எந்த ராகத்தில் வேண்டுமானாலும்! சொற்கள் மட்டும் உள்ள புத்தகத்தில் பாட்டின் தலையில் ஓர் அளவு போட்டிருக்கும். இந்தப் பாட்டு 8.6.8.6, அதாவது முதல் வரியில் எட்டு அசை, அடுத்ததில் ஆறு, மறுபடி எட்டு, ஆறு. அந்த அளவில் அமைந்த எந்த ராகமும் பொருந்தும். நம் பாமாலைப் புத்தகத்திலும் பாட்டுக்கு மேலே இந்த எண்களைப் பார்த்திருப்பீர்கள். ராகம் தொடங்கிக் கொடுப்பவர் அன்றைய மனநிலைக்கு, சபைக்குத் தெரிந்ததற்கு ஏற்ப ஒன்றைப் பிடிப்பார். சோகமான சரணத்துக்கு வேறு ராகம் மாற்றியவர்களும் உண்டு.

பாட்டுப்பெட்டி

திரையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அந்த இடத்துக்கு வந்துவிட்டோம். வடக்குக்கரை அண்ணா சொன்னதை நான் ஏற்கிறேன். கென்டக்கியில் புத்தகம் ஒருவர் கையில் மட்டும் இருந்தாலும் பாட்டு முழுசாகச் சபைக்குள் போகிறது. என் கவலை பாட்டு துண்டு துண்டாகப் போவது பற்றி. இது திரைக்கு முன்பே ஆரம்பித்த நோய். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சொற்களைச் சுரக்குறிப்புக்கு நடுவே அசை அசையாக வெட்டி அச்சிட ஆரம்பித்தார்கள். பாடுவதற்கு அது பெரிய உதவி, நாலு குரலில் சபையே பாடும், அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இடம் குறைந்தது, ஏழு சரணம் இருந்த பாட்டு நாலானது. அப்புறம் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகளில் "முதல், இரண்டு, கடைசி" என்று அறிவிக்கும் வழக்கம் வந்தது. மூன்றாம் சரணத்தைப் பாடாமல் விடுவது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிதா, குமாரன், ஆவியானவர் என்று வரிசையாகப் போகிற பாட்டில் மூன்றை விட்டால் யாரை விடுகிறோம்?

1841-ல் அலபாமாவில் பெஞ்சமின் லாய்ட் தொகுத்த பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் புத்தகம் சொற்கள் மட்டுமே உள்ளது, இன்றும் அச்சில் இருக்கிறது. கைக்குள் அடங்கும். அதை உட்கார்ந்து கவிதைபோல முழுசாக வாசிக்கலாம். வீட்டில் ஜெபிக்க எடுக்கலாம். திரையில் ஒரு நேரத்தில் நாலு வரிதான், முந்தைய சரணத்துக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை. எழுதியவர் யார், எந்த வருடம் என்பதும் போய்விட்டது.

பழையகாகிதம்

இதில் உங்களோடு நூற்றுக்கு நூறு நிற்கிறேன். ஸ்பர்ஜன் 1866-ல் 'அவர் ஓன் ஹிம்ன் புக்' தொகுத்தபோது 150 சங்கீதங்களுக்கும் பாட்டு வடிவம் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், கிடைக்காத இடத்தில் தானே எழுதினார். எளிதானதை மட்டும் பொறுக்கவில்லை. ஐயாயிரம் பேருக்கு மேல் கூடுகிற மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிளில் ஆர்கன் கிடையாது, ஒருவர் முன்னால் நின்று தொடங்குவார், மொத்தக் கூட்டமும் பாடும். இயந்திரத்தால் துதிப்பது இயந்திரத்தால் ஜெபிப்பது மாதிரி என்று எழுதியவர் அவர். ஆர்கன் விஷயத்தில் அவர் அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் இன்று ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்காத சபைகளில் அந்த வாக்கியத்தை நினைக்கிறேன்.

கடைசிவரிசை

இந்த வரலாற்றில் நம் நாட்டு ஆள் யாராவது உண்டா? எல்லாமே லண்டனும் அமெரிக்காவுமாக இருக்கிறது.

பாட்டுப்பெட்டி

உண்டு ஐயா. கிருஷ்ண பால். வங்காளத்துத் தச்சர். இங்கிலாந்து பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி செராம்பூரில் 1800 டிசம்பர் 28 அன்று ஹூக்ளி ஆற்றில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், அந்த மிஷனின் முதல் வங்காள விசுவாசி. அவர் வங்காளத்தில் எழுதிய ஒரு பாட்டைக் கேரியின் உடன் ஊழியர் ஜோஷுவா மார்ஷ்மன் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 'ஓ தௌ மை சோல் ஃபர்கெட் நோ மோர்' என்ற பெயரில் அது இங்கிலாந்து பாப்டிஸ்ட் புத்தகங்களில் ஏறியது. கேரி அந்தத் தேசத்துக்குப் பாட்டு கொண்டுபோனார் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம், இது அங்கிருந்து போன பாட்டு. பழைய பதிப்பு கிடைத்தால் ஆசிரியர் அட்டவணையில் கே என்ற எழுத்தின் கீழோ பி என்ற எழுத்தின் கீழோ தேடுங்கள், இரண்டு விதமாகவும் போட்டிருப்பார்கள்.

கடைசிவரிசை

எங்கள் போதகர் வீட்டு அலமாரியில் தோல் அட்டை போட்ட இங்கிலாந்துப் புத்தகம் ஒன்று இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஞாயிறு கேட்டுப் பார்க்கிறேன். இருந்தால் அந்தப் பாட்டின் எல்லாச் சரணங்களையும் இங்கே தட்டச்சு செய்து போடுகிறேன், 8.6.8.6-ஆ இல்லையா என்பதை ஆல்ட்டோவரிசை சிஸ்டர் பார்த்துச் சொல்லுங்கள்.